எண்பத்திநாலார்

“எப்ப வந்தனீர்?”

மற்றவர்கள் வணக்கம் சொல்லும் இடத்தில் அவர் இதைத்தான் கேட்பார். கலியாண மண்டபத்திலும் இதுதான், கோயில் வாசலிலும் இதுதான், பல் வைத்தியரிடம் கன்னத்தைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறவரிடமும் இதுதான். கனடாவுக்கு வந்தது தொண்ணூற்றைந்து என்று சொன்னால் உதட்டைப் பிதுக்குவார். எண்பத்தேழு என்றால் சற்று மரியாதையாகத் தலையை ஆட்டுவார். எந்த வருடத்தைச் சொன்னாலும் முடிவு ஒன்றுதான். “நான் எண்பத்திநாலு” என்பார். அதற்குப் பிறகு நீங்கள் கதைப்பது எதுவும் அவர் காதில் ஏறாது.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. ஆனால் மொன்றியல் தமிழ்ச் சனம் முதுகுக்குப் பின்னால் அவரை எண்பத்திநாலார் என்றுதான் சொன்னது. நானும் அதையே சொல்கிறேன். மனிதர் போய்ச் சேர்ந்து கன காலம். செத்த ஆளைத் திட்டாதே என்று என் கணவர் சொல்கிறார். நான் எங்கே திட்டுகிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

நான் அவரை முதன்முதல் கண்டது ஒரு தமிழ்க் கடையில். கனடாவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முருங்கைக்காய் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, மூக்கு விறைக்கிற பனியில், மெட்ரோவில் வழி விசாரித்து விசாரித்துப் போயிருந்தேன். பெட்டிக்குள் கடைசிக் கட்டு ஒன்று கிடந்தது. எடுத்துவிட்டேன். நெடிய, ஒல்லியான மனிதர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். மண்ணிறத் தோல் ஜாக்கெட், இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால்.

“பிள்ளை எப்ப வந்தனீர்?”

“போன மாதம் அண்ணை” என்றேன். ஊர்க்காரர் ஒருவர் அன்பாக விசாரிக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோசம்.

“அப்ப ஊரில திண்ட ருசி உமக்கு இன்னும் நாக்கில நிக்கும். எனக்கு எட்டு வருசமாச்சு.” சொல்லிக்கொண்டே முருங்கைக்காய்க் கட்டை என் கையிலிருந்து மெதுவாக உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வீட்டிலும் இதே சட்டம்தான். மனைவி எண்பத்தொன்பதில் இவருடைய ஸ்பொன்சரில் வந்தவர். கறிக்குத் தேங்காய்ப்பால் விடுவதா வேண்டாமா என்ற விஷயத்தில்கூட, “நீ எண்பத்தொன்பது, சும்மா இரு” என்பாராம். அந்த அக்காவே இதை எங்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். சொல்லி முடித்ததும் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

லாசாலில் ஒரு மரண வீடு. இறந்தவரும் இவரும் பல காலம் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். பெட்டியடியில் நின்று அழுதுகொண்டிருந்த மனைவியின் கையை இவர் போய்ப் பிடித்தார். “எண்பத்தாறில வந்தவர். எனக்குப் பிந்தி வந்து எனக்கு முந்திப் போயிட்டார். ஆளுக்கு எப்பவும் அவசரம்” என்றார். பகிடி என்று நினைத்தாரோ, ஆறுதல் என்று நினைத்தாரோ தெரியாது. அந்த மனுசி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வீடுகளை அவரைப்போல் அறிந்த ஒருவர் அந்த நகரத்தில் இல்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில், செயின்ட்-மிஷேலில், மண்ணிறச் செங்கல்லும் வெளிப்பக்கம் வளைந்து ஏறும் இரும்புப் படிகளுமாக வரிசை வரிசையாக நிற்கிற பழைய மாடி வீடுகளில், எதில் எந்தத் தமிழன் எந்த வருடம் குடியிருந்தான் என்று விரல் நீட்டிச் சொல்வார். எந்த வீட்டில் ஹீற்றர் வேலை செய்யவில்லை, எந்த வீட்டில் ஒரே கோட்டை முறை வைத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள், எல்லாம் தெரியும். தெரிந்ததை வைத்து அவர் செய்ததுதான் பொல்லாத வேலை.

நகைக்கடை வைத்திருந்த ஒருவரின் மகளுக்குக் கலியாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்தார்கள். விருந்துக்கு எண்பத்திநாலாரையும் அழைத்திருந்தார்கள், அழைக்காவிட்டால் அது வேறு வினை. சோற்றில் கை வைத்தபடி அவர் சம்பந்திமாரைப் பார்த்து, “இப்ப இவர் பெரிய ஆள். எண்பத்தெட்டில குளியல் தொட்டிக்குள்ள படுத்தவர். விடிய முகம் கழுவப் போறவை இவரைத் தட்டி எழுப்பிப்போட்டுத்தான் பைப்பைத் திறப்பினம்” என்றார். நகைக்கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். பாவம், அழுவதைவிட அது நல்லது என்று நினைத்திருப்பார். அந்தக் கலியாணம் நடந்தது. ஆனால் அவர் அதற்குப் பிறகு எந்த விருந்திலும் இவரைப் பார்த்து உட்காரவில்லை.

நாங்கள் அப்போது அஹுன்ட்சிக் பக்கம் குடியிருந்தோம். ஆற்றங்கரைத் தெருவில் ஒரு பழைய கல்வீடு உண்டு. தகரக் கூரை, தடித்த சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள். கடல் தாண்டி வந்த பிரெஞ்சுக் கமக்காரக் குடும்பம் ஒன்று முதன்முதல் குடியேறிக் கட்டியது என்று வாசலில் ஒரு பலகை பதித்திருந்தார்கள். எண்பத்திநாலார் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் பிடித்து அந்தப் பலகையைப் பார்க்க வருவார். ஜாக்கெட் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து அதில் படிந்த தூசியைத் துடைப்பார். பிறகு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அப்படி நிற்கும்போது மட்டும் அந்த மனிதரைப் பார்க்க எனக்குக் கொதி வருவதில்லை.

ஒருநாள் நானும் என் மகளும் அந்த வழியால் வந்தபோது மறித்தார். “பார்த்தீரே பிள்ளை, வெள்ளைக்காரன் முதல் வந்தவனை எப்பிடி வைச்சிருக்கிறான் எண்டு. நாங்களும் இருக்கிறம்.”

மகளுக்குப் பத்து வயது, வாய் நீளம். “ஆனா அங்கிள், இவைக்கு முதலே இங்க ஆக்கள் இருந்தவை. எங்கட பள்ளிக்கூட மதாம் சொன்னவ.”

“அவையின்ர கல்வீட்டைக் காட்டும் பாப்பம்.”

மகள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“இல்லைத்தானே. வீடு நிண்டாத்தான் வந்தது கணக்கு” என்று சொல்லி லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அந்தப் பலகைதான் அவர் மண்டைக்குள் புகுந்து வேலை செய்திருக்க வேண்டும். அடுத்த கோடைக்குத் தமிழ்ச் சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடலில் புதிதாக ஒன்று செய்யப்போவதாக அறிவித்தார். மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மொன்றியலில் தமிழர் முதன்முதல் குடியேறிய வீடுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போய், கடைசியில் பார்க்கில் இறங்கிச் சாப்பிடுவது. ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்பவர் அவரேதான். யோசனை நல்ல யோசனை, அதை நான் மறுக்கமாட்டேன். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று நானும் ஆசைப்பட்டேன்.

இந்தச் செய்தி எப்படியோ மட்டக்களப்பு அக்காவின் காதுக்கும் போய்விட்டது.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். செயின்ட்-மிஷேலில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் நடு வீட்டில் வந்த நாள் முதல் குடியிருந்தவர். அவரும் கணவரும் எண்பத்திநாலாருக்கு ஒரு பனிக்காலம் முந்தி வந்தவர்கள். கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவர், நான் வரும் முன்பே இறந்துவிட்டார். அந்த நாளில் விமானத்தால் இறங்கிய தமிழனுக்குப் போக்கிடம் அந்த வீடுதான். எத்தனையோ நாடு சுற்றி, கண்டதைத் தின்று, வயிறு கெட்டு வந்து விழுகிறவர்களுக்கு அக்கா முதலில் சோறு கொடுக்கமாட்டார். தேங்காய்ப்பால் விட்டு ஒரு கஞ்சி காய்ச்சி, கட்டாயமாகக் குடிக்க வைப்பார். சனம் அதற்கு ‘வந்த கஞ்சி’ என்று பெயர் வைத்தது. இரண்டு பழைய ஆட்கள் சந்தித்தால், நீ வந்த கஞ்சி குடிச்சனியோ என்று கேட்பது அந்த நாளில் ஒரு வழக்கம். நான் வந்தபோதுகூட ஒரு கோப்பை கிடைத்தது.

அக்காவை நான் அந்த வருடம் அடிக்கடி பார்க்கப் போவேன். கட்டடத்தை யாரோ வாங்கி, எல்லாச் சுவரையும் உடைத்துப் புதுசாக்கி விற்கப் போகிறார்கள். ஜூலை முதலாம் தேதி நகரமே வீடு மாறுகிற நாள். அன்றைக்கு அக்காவும் லாசாலில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போகவேண்டும். சாமான் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். ஆணோ பெண்ணோ, எல்லோரையும் தன் பிள்ளைபோல் ‘மனே’ என்றுதான் கூப்பிடுவார்.

“மனே, அந்த பஸ் இங்கயும் நிக்குமா?”

“நிக்காமல் என்னக்கா, இதுதானே முதல் வீடு.”

“எனக்கு ஒண்டும் வேணாம். எங்கட அவர்ட பேரை அந்த மைக்கில ஒருக்காச் சொன்னாப் போதும். இந்த வீடும் போயிட்டுதெண்டா பிறகு எங்க வைச்சுச் சொல்றது?” என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல் சிரித்தார். “தம்பி மறக்கமாட்டார். இந்த ஒழுங்கைக்குள்ளதான் படுத்தவர். எங்கட அவர்ட கோட்டைத்தான் போட்டுக்கிட்டு முதல் நாள் வேலைக்குப் போனவர்.”

தம்பி என்று அவர் சொன்னது எண்பத்திநாலாரை. ஒழுங்கை என்றது வாசலுக்கும் குசினிக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய நடையை. அந்த மனிதரைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் இந்த நகரத்தில் அக்காதான். முதல் ஆள் நான், எனக்கு முந்தி ஒரு தமிழ்க் குஞ்சு குருமானும் இல்லை என்று ஊர் முழுக்க ஊதித் திரிந்தவர், யாருடைய நடையில் சுருண்டு படுத்திருந்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய ஆட்களுக்கு முன்பே தெரியும். ஒருவர்கூட வாய் திறந்ததில்லை.

நான் நேரே அவரிடம் போனேன். சங்க மண்டபத்தில் நின்றார். சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்திருந்த ஒருவரைக் கதிரை அடுக்க விட்டிருந்தார். அவரிடமும் எப்ப வந்தனீர் கேட்டு முடிந்திருக்கும். “ஏர்போர்ட்ல கூட இவ்ளோ விசாரிக்கலைங்க” என்று அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணை, மட்டக்களப்பு அக்கா வீட்டிலயும் பஸ்ஸை நிப்பாட்டுவீங்கள்தானே?”

“அது வீடில்லைப் பிள்ளை. சாப்பாட்டுக்கடை.”

“நீங்களும் அங்க இருந்தனீங்களாம்.”

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “குடியேறுறது வேற, தங்குறது வேற. அவை இவ்வளவு காலமும் வாடகைக்குத் தங்கினவை. ஒரு செங்கல் சொந்தமாக இருக்கோ? நான் வாங்கினனான். வாங்கினவன்தான் குடியேறினவன்.” என்றுவிட்டு, கதிரை கோணலாக அடுக்கியிருக்கிறது என்று அந்தச் சென்னைக்காரரிடம் போய்விட்டார். ஆனாலும் பஸ் போகிற அன்றைக்கு நேரில் அக்காவைக் கண்டால் மனம் இளகும் என்றுதான் நம்பினேன். மனிதர் கல்வீட்டுச் சுவரில் கை வைத்து நின்றதைப் பார்த்த எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

ஜூன் கடைசி ஞாயிறு. என் கணவரும் மகளும் எங்கள் வான் வண்டியில் சாமான்களோடு பார்க்குக்குப் போய்விட்டார்கள். நான் பஸ்ஸின் பின் ஆசனத்தில். கிழவர்கள், கிழவிகள், மருமக்கள், பிள்ளைகள் என்று பஸ் நிறைய ஆட்கள். எண்பத்திநாலார் அந்த வெயிலிலும் ஜாக்கெட்டோடு முன்னுக்கு நின்று ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் தான் இருந்த வீட்டைக் காட்டி, “இதுதான் மொன்றியலின்ர முதல் தமிழ் வீடு” என்றார். எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். அவர் படியில் கை வைத்து நின்றார். வந்த கஞ்சி குடித்த கிழவர்களும் பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரித்தார்கள்.

பிறகு செயின்ட்-மிஷேல். அக்காவின் தெருவுக்குள் பஸ் திரும்பியபோது நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். தூரத்திலேயே தெரிந்தது. வளைந்த இரும்புப் படியின் மேல் தட்டில் அக்கா பட்டுச்சேலை கட்டி நின்றார். பக்கத்தில் ஸ்டூலில் பெரிய பானை. காகிதக் கோப்பைகளை அடுக்கி, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கரண்டியை மேலே வைத்திருந்தார். பஸ் முழுக்க வருகிற சனத்துக்கு வந்த கஞ்சி.

அந்த வீட்டுக்கு நேரே, தெரு மூலையில், வாகனம் எதுவும் நின்று போகவேண்டும் என்கிற சிவப்பு அடையாளம் ஒன்று இருந்தது. பஸ் நின்றது. சட்டத்துக்காக நின்ற பஸ்ஸைத் தனக்காக நின்றது என்று அக்கா நினைத்துவிட்டார். அவசரமாகக் கரண்டியை எடுத்தார், ஒரு கோப்பையில் ஊற்றினார், அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினார்.

“இதில பார்க்க ஒண்டும் இல்லை” என்று ஒலிபெருக்கி சொன்னது.

“அண்ணை, கதவைத் திறக்கச் சொல்லுங்கோ. அக்கா நிக்கிறா” என்று நான் எழுந்து கத்தினேன்.

“பின்னுக்கு நிக்கிற தங்கச்சி எத்தினையாம் ஆண்டு வந்தவ?”

பஸ் சிரித்தது. யாரோ, “தொண்ணூற்றிரண்டு” என்று எடுத்தும் கொடுத்தார்கள்.

“தொண்ணூற்றிரண்டு இருக்கட்டும்” என்றார். சாரதி ஒரு ஹெயிட்டிக்காரர். படியில் நின்ற கிழவியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் கையை முன்னுக்குக் காட்டினார். பஸ் எடுபட்டது. ஜன்னலோரம் இருந்த கிழவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெருவின் மற்றப் பக்கத்தில் ஏதோ பார்க்க இருந்தது.

அடுத்த மூலையில் நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், வயிற்றைப் பிரட்டுகிறது, நிப்பாட்டாவிட்டால் உன் பஸ்ஸுக்குள் சத்தி எடுப்பேன் என்று சாரதிக்குச் சொன்னேன். அது வேலை செய்தது. இறங்கித் திரும்பி ஓடினேன். அக்கா அதே படியில், அதே கோப்பையோடு நின்றார்.

“பஸ்ஸுக்கு நேரம் பிந்திட்டுது போல மனே” என்றார்.

கணவருக்கு போன் எடுத்தேன். அவர் வானைக் கொண்டுவந்தார். “ஆறிப்போற கஞ்சியை ஆர் குடிப்பாங்க” என்று அக்கா மறுக்க மறுக்கப் பானையையும் அவரையும் ஏற்றிக்கொண்டு பார்க்குக்குப் போனோம். வழியெல்லாம் பானை மூடியை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தபடி வந்தார். பட்டுச்சேலையில் சிந்திவிட்டது என்றுகூடப் பார்க்கவில்லை.

பார்க்கில் பானையைக் கண்டதும் கிழவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை நீட்டினார்கள். அக்கா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, பிள்ளைகளை விசாரித்து, ஊற்றிக் கொடுத்தார். எண்பத்திநாலார் கடைசியாக வந்தார். கூடவே அந்தச் சென்னைக்காரரும் வந்தார்.

“வாங்க தம்பி” என்று அக்கா கோப்பையை நிறைத்துக் கொடுத்தார்.

“சார், இவங்க யாரு?” என்று சென்னைக்காரர் கேட்டார்.

“சமையலுக்கு வந்தவ” என்றார் எண்பத்திநாலார்.

சுற்றி நின்றவர்கள் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பானையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்பத்திநாலார் ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்பினார். கோப்பைக்குள் பார்த்தார்.

“உப்புக் குறைவு” என்றார். “அண்டைக்கும் இப்பிடித்தான்.”

சொல்லிவிட்டு, குடித்து முடித்துக் கோப்பையைக் கசக்கிப் புல்லில் போட்டுவிட்டுப் பிள்ளைகளின் ஓட்டப் போட்டிக்கு விசில் ஊதப் போய்விட்டார். அக்காவின் கணவரின் பெயரை அவரும் சொல்லவில்லை, அன்றைக்கு வேறு எவரும் சொல்லவில்லை. அக்கா குனிந்து அந்தக் கோப்பையைப் பொறுக்கினார். என்ன நினைக்கிறார் என்று முகத்தில் தெரியவில்லை.

திரும்பி வரும்போது வானில் அக்கா முன்னால் இருந்தார், வெறும் பானை மடியில். நான் பின்னால் இருந்து அந்த மனிதனை வாயில் வந்தபடியெல்லாம் ஏசிக்கொண்டு வந்தேன். மகள் நித்திரையாகிவிட்டாள். செயின்ட்-மிஷேலுக்குள் நுழைந்தபோது அக்கா என் பக்கம் திரும்பினார். கண் நிறைய ஒரு சந்தோசம். அப்படி ஒரு முகத்தோடு அவரை நான் அதற்கு முன் கண்டதே இல்லை.

“ஏசாத மனே” என்றார். “நீ கேட்டதானே? கஞ்சியக் குடிச்சிட்டு ‘அண்டைக்கும் இப்பிடித்தான்’ எண்டு சொன்னவர். அத்தனை சனத்துக்கு முன்னால சொன்னவர்.”